போராளியா, ஆர்வலரா, செயற்பாட்டாளரா?

திருகோணமலைக் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்க வந்த மாணவர்கள் ‘சூழல் போராளிகள்’ என்று பதாகை கட்டியிருந்தார்கள். காலை நடைக்கு வந்த ஐயா ஒருவர் அதைப் படித்துவிட்டு நின்றார். “தம்பி, வேறு சொல் கிடைக்கவில்லையா?” என்று மட்டும் கேட்டார். மாணவர்களுக்குப் புரியவில்லை. எல்லோரும் 2009க்குப் பிறகு எழுத்தறிந்தவர்கள்.

தமிழ்நாட்டுப் பத்திரிகையில் மரம் நடுகிறவரும் சூழலியல் போராளிதான். இங்கே அந்தச் சொல் பல ஆண்டுகள் துப்பாக்கி ஏந்தியவர்களைக் குறித்தது. அந்த நினைவை ஒதுக்கிவிட்டு அதைப் படிக்க என் வயதினரால் முடியாது.

சரி, ‘ஆக்டிவிஸ்ட்’ என்பதை வேறு எப்படிச் சொல்வது? ‘செய், செலுத்து’ எனப் பொருள்படும் லத்தீன் வினையில் அதன் வேர் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, சுவீடன் நடுநிலையைக் கைவிட்டு ஜெர்மனியோடு சேர வேண்டும் என்றவர்களுக்கு அந்தப் பெயர் வழங்கியது. போர் கேட்டவர்களின் பெயர் பிறகு அணுகுண்டை மறிக்கப் போனவர்களுக்கும் வந்து சேர்ந்தது. 1971இல் அமெரிக்காவின் அணுகுண்டுச் சோதனையைத் தடுக்க, கனடாவின் வான்கூவரிலிருந்து அம்சிட்கா தீவை நோக்கி ஒரு மீன்பிடிப் படகில் சிலர் புறப்பட்டார்கள். கிரீன்பீஸ் இயக்கம் அந்தப் பயணத்தில் பிறந்தது. இமயமலை அடிவாரத்துப் பெண்களுக்கு இப்படி ஒரு பட்டமே தேவைப்படவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டார்கள், ‘ஒட்டிக்கொள்’ என்னும் பொருளில் சிப்கோ என்பதே இயக்கத்தின் பெயராயிற்று.

தமிழில் முதலில் கைக்கு வருவது ‘ஆர்வலர்’. அழகான பழஞ்சொல். ‘ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளில் அது அன்புடையவரைக் குறிக்கிறது. அவர் கண்ணீரே அன்பைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். பறவை பார்ப்பவருக்கும் திமிங்கிலம் பார்க்கப் படகேறுபவருக்கும் அது பொருந்தும். திருகோணமலைக்கு அருகே சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையம் வேண்டாம் என்று நின்ற மக்களை ஆர்வலர் என்றால் கேலி செய்வதுபோல் இருக்கும். அந்தத் திட்டம் கைவிடப்படுவதாக 2016இல் அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னதற்குப் பின்னால் இருந்தது வெறும் ஆர்வம் அல்ல.

ஆகவே என் தெரிவு செயற்பாட்டாளர். செயல், பாடு, ஆளர் மூன்றும் சேர்ந்தது. லகரம் பகரத்தின் முன் றகரமாகும்; தமிழ்நாட்டில் பலர் ‘செயல்பாட்டாளர்’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள், சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

விலங்குகள் விடயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. 1824இல் லண்டனில் தோன்றிய விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் கேட்டது நலம்: மாட்டை வண்டியில் பூட்டலாம், வதைக்காதே. 1980இல் அமெரிக்காவில் தோன்றிய பீட்டா கேட்பது உரிமை: பூட்டவே பூட்டாதே. திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களின் வாயிலிருந்து பொலித்தீன் பையை இழுத்தெடுப்பவர் விலங்குநலச் செயற்பாட்டாளர். அவரை ‘விலங்குரிமை’ அணியில் சேர்த்துவிட்டு, மத்தியானம் அவர் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிடுவதைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

மாணவர்கள் ‘போராளிகள்’ மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ‘செயற்பாட்டாளர்கள்’ என்று எழுதினார்கள். இடம் போதவில்லை. ‘கள்’ மட்டும் கம்பைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டது.