முகத்துக்கு ஒரு கவாத்து

குன்னூர்ப் பக்கம் கவாத்து முடிந்த தேயிலைத் தோட்டத்தை முதல்தடவை பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். நேற்றுவரை பச்சைப் பாயாகக் கிடந்த சரிவில் வெறும் கட்டைகள் நிற்கும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை வேண்டுமென்றே வெட்டிக் காயப்படுத்துவார்கள், புதுத் தளிர் விடட்டும் என்று. போன மாதம் அக்கா மகள் ஆன்லைனில் வாங்கிய டெர்மா ரோலரோடு வந்து, "சித்தி, இதை உருட்டினா பருக்குழி எல்லாம் போயிடுமாம்" என்றபோது எனக்கு அந்தக் கட்டைகள்தான் நினைவுக்கு வந்தன.

ஒரு கைப்பிடி, நுனியில் சின்ன உருளை, அதைச் சுற்றி 540 ஊசிகள். நீளம் 0.5 மில்லிமீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தனித்தனி ஊசியே கிடையாது. பல்சக்கரம்போல வெட்டிய மெல்லிய தகடுகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். மலிவான ரோலர்கள் பலவும் இப்படித்தான். உருளும்போது முள் சாய்ந்து இறங்கிச் சாய்ந்தே வெளியேறும் என்பதால், அது போடும் துளை கொஞ்சம் கிழிசலாகத்தான் இருக்கும். அழுத்தி உருட்டினால் கேட்கவே வேண்டாம்.

சரி, குத்தினால் தோல் எப்படித் தேறும்? முகத்தில் மேல்தோலின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது. அதற்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்தோல். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் இருப்பது இங்கேதான். ஊசி இதுவரை இறங்கினால் ரத்தம் துளிர்க்கும், தட்டணுக்கள் வந்து ஓட்டையை அடைக்கும். அடைக்கும்போதே வளர்ச்சிக் காரணிகள் என்ற ரசாயனச் செய்திகளையும் அவை வெளியிடும். அந்த அழைப்பைக் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வந்து புது இழை நெய்யத் தொடங்கும். முதலில் நெய்வது மூன்றாம் வகைக் கொலாஜன், அவசரத்துக்குப் போட்ட தையல் மாதிரி. அதைப் பிரித்துவிட்டு உறுதியான முதலாம் வகையைப் போட மாதக்கணக்கில் ஆகும். நாலே நாளில் முகம் பளபளத்தால் அது பெரும்பாலும் வீக்கம்தான்.

இது பிடிபட்ட கதை சுவாரசியமானது. கனடாவில் காமிராண்ட், டூசே என்ற இருவர் வெளுத்த அறுவைத் தழும்புகளைத் தோல் நிறத்துக்குக் கொண்டுவர, பச்சைகுத்தும் ஊசியால் மை ஏற்றிப் பார்த்தார்கள். நிறம் ஒருபுறம் இருக்க, தழும்பே மென்மையாகிவிட்டது. மை இல்லாமல் வெறும் ஊசியால் குத்தினார்கள், அப்போதும் பலன் தெரிந்தது. 1997-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவின் பிளாஸ்டிக் சர்ஜன் டெஸ் ஃபெர்னாண்டஸ் கையில் அது ரோலராக வளர்ந்தது.

ஆனால் பருக்குழிக்குத் தோல் மருத்துவர்கள் எடுப்பது 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு நீண்ட ஊசி, அதுவும் மரத்துப்போகும் களிம்பு தடவியபிறகு. வீட்டுக்கென்று சொல்லப்படுவது 0.2, 0.3. தோல் ரப்பர்போல அமுங்கிக் கொடுப்பதால் அந்த நீளமும் முழுசாக உள்ளே போகாது. குழியை நிரப்பும் வேலை நடக்கிற ஆழத்தை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. எட்டட்டும் என்று நீள ஊசியை வாங்கி வீட்டில் உருட்டுவது, கவாத்துக் கத்தியைக் குழந்தை கையில் கொடுத்த கதை.

அப்படியானால் சின்ன ஊசி என்னதான் செய்கிறது? வேலியில் ஓட்டை போடுகிறது. மேல்தோலின் உச்சியில் இருக்கும் செத்த செல் அடுக்கு 0.02 மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் எதையும் எளிதில் உள்ளே விடாது. ஊசி போட்ட துளைகள் சில மணி நேரமாவது திறந்திருக்கும். அதற்குள் தடவுவதெல்லாம் உள்ளே இறங்கும், நல்லதும் கெட்டதும். வாசனை சேர்த்த க்ரீம், எலுமிச்சைச் சாறு எதுவும் அப்போது கூடாது. ஊசி குத்திய தோலில் வைட்டமின் சி சீரம் தடவி, ஒவ்வாமையால் முகத்தில் முடிச்சு முடிச்சாகக் கட்டி வந்ததை 2014-ல் தோல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். வெளியே பூசத் தயாரித்த சரக்கு உள்ளே போனால் உடம்பு அதை அந்நியனாகத்தான் பார்க்கும்.

மலையில் இன்னொரு சங்கதி. குளிர்கிறது, மேகம் மூடியிருக்கிறது, வெயில் எங்கே என்று தோன்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் 10 சதவீதத்துக்குமேல் கூடும், ஊட்டியோ 2,200 மீட்டரைத் தாண்டியது. மெல்லிய மேகம் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. நம் மாநிறத் தோல் காயம்பட்டாலே மெலனின் என்ற நிறமியை அதிகமாகக் கொட்டும். மேலே வெயிலும் பட்டால் குழி போகிறதோ இல்லையோ, கருந்திட்டு வந்துசேரும். கவாத்து வெட்டிய கட்டை வெயிலில் வெந்துபோகாமல் இருக்க, வெட்டிய கிளைகளையே அதன் தலையில் போட்டு மூடிவைப்பார்கள். முகத்துக்கு அந்த வேலையைச் செய்வது சன்ஸ்கிரீனும் தொப்பியும்.

சுத்தம் பற்றி ஒரே வார்த்தை: ரோலரை 70 சதவீத ஆல்கஹாலில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். மூடுபனி மாதத்தில் இங்கே துணியே காய்வதில்லை. அப்புறம், ரத்தம் தொடுகிற பொருளை அக்கா தங்கைகூடப் பங்குபோடக் கூடாது.

கவாத்துக்கு முன்னால் வேரை நறுக்கி அயோடின் தடவிப் பார்க்கும் வழக்கம் உண்டு. கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது, செடி தாங்கும். நிறம் மாறாவிட்டால் வெட்டமாட்டார்கள். அக்கா மகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்த்தேன். தாடையில் ஐந்து பருக்கள் பழுத்து நின்றன. அதன்மேல் உருட்டினால் கிருமியைக் கன்னம் முழுக்க நடவு செய்த மாதிரி ஆகிவிடும். "அப்போ இது வேஸ்டா சித்தி?" என்று கேட்டுக்கொண்டே ரோலரைப் பெட்டிக்குள் வைத்தாள்.