ஷார்ட்: குறுக்குச்சுற்றா, மின்கசிவா?

மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்து. ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கும் கடைக்கு என் டாக் (DAC) போர்டைக் கொண்டுபோயிருந்தேன். பாட்டுக் கோப்பில் உள்ள எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் சிப் அதில் இருக்கிறது. இலக்க-ஒப்புமை மாற்றி என்று தமிழில் சொல்லலாம். கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாட்டு வரவில்லை, சிப்பின் மேல் விரல் வைக்க முடியாத சூடு. மெக்கானிக் தம்பி மீட்டரை பஸ்ஸரில் போட்டு (இரண்டு முனைக்கும் நடுவே தடை குறைவாக இருந்தால் கத்தும்), சிப்பின் சப்ளைக் காலிலும் கிரவுண்டிலும் முனைகளை வைத்தார். கீ என்று கத்தியது.

"உள்ளுக்குள்ள ஷார்ட்டுண்ணே."

ஷார்ட் என்பது 'ஷார்ட் சர்க்யூட்'டில் பின்பாதியை உதிர்த்துவிட்டு நம்மிடம் தங்கிவிட்ட சொல். சர்க்யூட் லத்தீன் வழி வந்தது. சுற்றி வருதல் என்று பொருள். மதுரையில் இதற்குப் பாடமே வேண்டாம். சித்திரைத் தேர் கீழமாசி வீதியில் கிளம்பி, நான்கு மாசி வீதியும் சுற்றி நிலைக்கு வர வேண்டும். நடுவில் ஒரு சந்துக்குள் புகுந்து நிலைக்கு வந்துவிட்டால் அதுதான் ஷார்ட். மின்சாரம் பல்பையோ மோட்டாரையோ எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடும். வழியில் தடுக்க ஆளில்லாததால் வெள்ளமாகவும் பாயும்.

தமிழில் குறுஞ்சுற்று, குறுக்குச்சுற்று என்று இரண்டும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது குறுக்குச்சுற்றுதான். இங்கே குறைவது மின்தடை; பாதை நீளமாகக்கூட இருக்கலாம். குறுக்குவழி, குறுக்கே புகுதல் என்று நாம் பேசும் 'குறுக்கு' அதைச் சரியாகப் பிடிக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். எங்கே தீப்பிடித்தாலும் செய்தியில் 'மின்கசிவே காரணம்' என்று வருகிறது. பெரும்பாலும் சொல்ல வருவது குறுக்குச்சுற்றைத்தான். கசிவு என்றால் போகக் கூடாத வழியில் கொஞ்சமாய் ஒழுகுவது. வீட்டில் அதைப் பிடிக்கத் தனி பிரேக்கர் இருக்கிறது, 30 மில்லியாம்பியருக்கே விழுந்துவிடும். குறுக்குச்சுற்றில் பாய்வது பல பத்து, ஏன், நூற்றுக்கணக்கான ஆம்பியர். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் குடம் ஒழுகுவதும் கண்மாய் உடைவதும் ஒன்றாகிவிடும்.

சரி, என் போர்டுக்கு வருவோம். பஸ்ஸர் கத்தினாலே ஷார்ட் ஆகிவிடாது. பல மீட்டர்கள் 30, 40 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் கத்தும். ஓமில் வைத்துப் பார்க்கச் சொன்னேன்: 22. முனைகளை மாற்றி வைத்தாலும் 22. பழுது அதில் இருக்குமோ என்று பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டரைக் கழற்றியும் மாறவில்லை. அப்புறம் கரண்ட் லிமிட் வைத்த, அதாவது வைத்த அளவுக்கு மேல் கரண்ட் விடாத பவர் சப்ளையில் 3.3 வோல்ட் கொடுத்தோம். முப்பது மில்லியாம்பியர் போல இழுக்க வேண்டிய போர்டு 150 இழுத்தது. கணக்கு ஒத்துப்போகிறது, 3.3-ஐ 22-ஆல் வகுத்தால் 0.15 ஆம்பியர். உண்மையான குறுக்குச்சுற்று என்றால் ஒரு ஓமுக்கும் கீழே காட்டி, சப்ளை லிமிட்டில் போய் முட்டியிருக்கும். இது சிப்புக்குள் ஏற்பட்ட மின்கசிவு. பெருங்கசிவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, லாட்ச் அப். சப்ளையைவிட அதிக வோல்ட் ஒரு காலில் ஏறினால் சிப்புக்குள் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு வழி திறந்து, அப்படியே மாட்டிக்கொள்ளும். கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கொடுத்தால், அதற்குள் சிப் கருகாமல் இருந்தால், சரியாகிவிடும். லாட்ச் என்றால் தாழ்ப்பாள். 'தாழ்விழுதல்' என்று வைத்துக்கொள்ளலாம். என் போர்டில் அதுவும் இல்லை. நிறுத்தி நிறுத்திக் கொடுத்தும் அதே 150.

புது ஐசி, அதாவது சிப் போட்டதும் பாட்டு வந்துவிட்டது. பில்லில் 'ஐசி ஷார்ட்' என்று எழுதியிருந்தார். கசிவு என்று எழுதலாமே என்றேன். தம்பி சால்டரிங் அயனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கசியிறதுக்கு அது என்ன தண்ணித் தொட்டியாண்ணே?"