கிளார்க்: குவேக்கர் அவையில் எழுதுகோல் பிடிப்பவர்

'கிளார்க்' என்றதும் தமிழருக்கு நினைவில் வருவது கோப்புக் கட்டும் மேசையும், 'சாயந்தரம் வாங்க' என்ற பதிலும்தான். அகராதியும் அதே வழியில் எழுத்தர், குமாஸ்தா, கணக்கர் என்று தருகிறது. தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொள்ளும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது இந்தச் சொற்களில் ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டால் பொருள் சறுக்கிவிடும். 'தலைவர்' என்று போட்டால் அதைவிட மோசம். குவேக்கர் கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, மௌன வழிபாட்டு மரபில் குருவானவரும் கிடையாது. இருப்பவர் ஒரு கிளார்க். பேனா அவர் கையில், பேச்சு மற்றவர்கள் வாயில்.

வேர்ச்சொல் கிரேக்கம். 'கிளேரோஸ்' என்றால் சீட்டு, சீட்டில் விழுந்த பங்கு. யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்க அப்போஸ்தலர்கள் சீட்டுப்போட்டு, அது மத்தியாவின் பேருக்கு விழுந்ததே (அப்போஸ்தலர் 1:26), அந்தச் சீட்டுக்கு மூலத்தில் உள்ள சொல் இதுதான். பங்கு என்ற பொருளிலிருந்து, கர்த்தரையே பங்காகக் கொண்டவர்கள் என்று குருமாரைக் குறிக்க 'கிளேரிகோஸ்' வந்தது. லத்தீனில் 'கிளெரிகுஸ்' ஆனது. இடைக்கால ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் குருமாரே என்பதால், எழுதுகிறவர் எல்லாருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் குருமார் வகுப்பைச் சொல்லும் 'கிளர்ஜி'யும் ஆபீஸ் கிளார்க்கும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். குருமார் வேண்டாம் என்று பிரிந்து வந்தவர்கள் தங்கள் முதன்மைப் பொறுப்புக்கு அந்தக் குடும்பத்துச் சொல்லையே வைத்துக்கொண்டது வேடிக்கைதான். அவர்கள் எடுத்தது எழுதுகிறவர் என்ற பொருளை மட்டும்.

எழுத்து அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று? ஜார்ஜ் ஃபாக்ஸ் 1650களில் வட இங்கிலாந்தில் தொடங்கிய இயக்கம் இது. 1662இல் குவேக்கர் சட்டமும் 1664இல் கூட்டத் தடைச் சட்டமும் வந்தன. அபராதம், பறிமுதல், சிறை. யார் எங்கே எதற்காகப் பிடிபட்டார், எந்தக் குடும்பத்தில் மாடு பறிபோயிற்று, யார் சிறையில் செத்தார் என்று குறித்து வைக்காவிட்டால் உதவியும் அனுப்ப முடியாது, முறையிடவும் முடியாது. அரசுத் திருச்சபையின் பதிவேட்டை ஏற்காததால் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் சொந்த ஏடு தேவைப்பட்டது. 1667 முதல் ஃபாக்ஸ் ஊர் ஊராகப் போய் மாதக் கூட்டங்களை ஒழுங்குபடுத்தினார். பல மாதக் கூட்டங்கள் சேர்ந்தது காலாண்டுக் கூட்டம். அவற்றின் மேல் ஆண்டுக் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளார்க். லண்டனில் எல்லிஸ் ஹூக்ஸ் என்பவர் இயக்கத்தின் முதல் பதிவுக் கிளார்க்காக 1681இல் இறக்கும்வரை பணியாற்றினார்.

'மீட்டிங்' என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். குவேக்கர் வழக்கில் அது வழிபாட்டையும் குறிக்கும், நிர்வாகக் கூட்டத்தையும் குறிக்கும், அந்த ஊர்ச் சமூகத்தையே கூடக் குறிக்கும். மாதக் கூட்டம் என்பது மாதம் ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சியின் பெயராக மட்டும் நிற்காமல், உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கும் அமைப்பின் பெயராகவும் ஆயிற்று. பிரிட்டனில் இன்று அதை வட்டாரக் கூட்டம் என்கிறார்கள். தமிழில் மூன்று பொருளையும் தாங்கும் சொல் 'கூட்டம்' ஒன்றே. 'சபை' என்றால் போதகரும் பீடமும் கூடவே வந்துவிடுகின்றன.

இனி கிளார்க் செய்யும் வேலை. நிர்வாகக் கூட்டம் மௌனத்தில் தொடங்கும். அதுவும் வழிபாடுதான் என்பது அவர்கள் கொள்கை. முன்னே ஒரு மேசை, அதில் கிளார்க்கும் துணைக் கிளார்க்கும். கிளார்க் ஒரு பொருளை எடுத்து வைப்பார். பேச விரும்புகிறவர் எழுந்து நிற்பார், கிளார்க் அழைத்த பிறகு பேசுவார். பேச்சு கிளார்க்கை நோக்கியே இருக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குப் பதிலடி கொடுப்பது முறையல்ல. ஒருவர் பேசி முடித்ததும் சற்று மௌனம், பிறகே அடுத்தவர். ஒரு பொருளுக்கு ஒருவர் ஒரு தடவை பேசினால் போதும் என்பது வழக்கம். ஏற்கெனவே சொல்லப்பட்டதைத் திரும்பச் சொல்லக் கூடாது. கைதட்டல் இல்லை.

கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கிளார்க்குக்குப் புலப்பட்டதும் அவர் எழுதத் தொடங்குவார். எல்லாரும் மௌனமாகக் காத்திருப்பார்கள். மேசையை மனத்தால் தாங்கிப் பிடிப்பதாக அதைச் சொல்வார்கள். நாலைந்து வரி எழுதி உரக்கப் படித்து, இது ஏற்புடையதா என்று கேட்பார். பிரிட்டனில் ஏற்கிறவர்கள் சொல்வது 'ஹோப் ஸோ', அதாவது 'அப்படியே என்று நம்புகிறோம்'. அமெரிக்காவில் 'அப்ரூவ்'. ஒருவர் எழுந்து 'இரண்டாவது வாக்கியம் நாங்கள் சொன்னதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது' என்றால், அங்கேயே திருத்தம், மறுபடி வாசிப்பு. கூட்டத்திலேயே ஒப்புக்கொண்ட வாசகம்தான் தீர்மானம். வீட்டுக்குப் போய் 'மினிட் புக்' எழுதி அடுத்த மாதம் கையெழுத்து வாங்கும் நம் சங்க வழக்கம் அங்கே செல்லாது. அடுத்த மாதம் எழுதினால் நினைவு எழுதும், கூட்டம் எழுதாது.

முன்கூட்டியே எழுதி வைக்கலாமா? விவரப் பகுதியை எழுதலாம். கூரை பழுது, மதிப்பீட்டுத் தொகை, யார் அறிக்கை தந்தார் என்பதெல்லாம் தயாராக இருந்தால் மேசையில் நேரம் மிச்சம். முடிவு வரவேண்டிய வரியை மட்டும் வெறுமையாக விட வேண்டும். அந்த வரியையும் எழுதிக்கொண்டு வருகிற கிளார்க், கூட்டத்தைக் கேட்காமல் தன் வரிக்குப் பொருந்தும் பேச்சுகளை மட்டுமே கேட்பார். பல கோளாறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

தன் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கிளார்க்குக்குத் தோன்றினால், அந்தப் பொருள் முடியும்வரை வேறொருவரை மேசையில் உட்கார வைத்துவிட்டு, தான் பெஞ்சுக்கு இறங்க வேண்டும்.

கிளார்க் தேடும் அந்தச் சாய்வுக்குக் குவேக்கர் வைத்த பெயர் 'சென்ஸ் ஆஃப் த மீட்டிங்'. இதற்குப் 'பெரும்பான்மைக் கருத்து' என்று எழுதினால் நேர்மாறாகிவிடும். 'ஒருமித்த கருத்து' என்பதும் முழுக்கச் சரியில்லை. ஒருமித்த கருத்துக்குப் பேரம் பேசி நடுவில் வந்து நிற்கலாம். குவேக்கர் எதிர்பார்ப்பது கடவுளின் சித்தம் இந்தக் கூட்டத்துக்குப் புலப்படுவதை. ஒருவர் 'எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் கூட்டத்தின் வழியை மறிக்கவில்லை' என்று ஒதுங்கி நிற்கலாம். அப்போதும் தீர்மானம் ஆகும். ஒற்றை எதிர்ப்புக்குத் தானாகத் தடைவலிமை உண்டு என்பது பரவலான தவறான எண்ணம். அந்த எதிர்ப்பின் கனத்தை எடை போடுவதும் கிளார்க்கின் வேலையே. தலை எண்ணக் கூடாது, கனம் பார்க்க வேண்டும். 'அவையின் மனம்' என்பது இதற்குப் பொருத்தமான தமிழ்.

இந்த முறை மெதுவானது. எவ்வளவு மெது என்பதற்கு ஜெர்மன்டவுன் விண்ணப்பம் சாட்சி. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறைக்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதி மாதக் கூட்டத்தில் வைத்தார்கள். இது எங்களுக்கு மிஞ்சிய பாரம் என்று மாதக் கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. ஆண்டுக் கூட்டம் ஒதுக்கி வைத்தது. குவேக்கர்களிலேயே பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதே காரணம். அடிமை முறையை எதிர்த்த ஜான் உல்மன் போன்ற குவேக்கர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். 1758இல் ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்கி விற்பவர்களை நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலக்கியது. 1776இல் அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராகவே இருக்க முடியாது என்றது. 88 ஆண்டுகள். 'அவையின் மனம் இன்னும் கனியவில்லை' என்பது பொறுமையாகவும் இருக்கலாம், வசதியுள்ளவர்களின் சாக்காகவும் இருக்கலாம். அடிமைப்பட்டிருந்தவர் யாரும் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்து மனம் சொல்லவில்லை. இந்த முறையைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருள் சிக்கலானால் அதற்கென்று 'த்ரெஷிங் மீட்டிங்' கூட்டுவார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் கொட்டலாம், முடிவு மட்டும் எடுக்கக் கூடாது. கதிரடித்து நெல்லும் பதரும் பிரிப்பது என்ற பொருளில் வந்த பெயர். 'போரடிக்கும் கூட்டம்' என்று மொழிபெயர்த்தால் இன்றைய வாசகர் சிரித்துவிடுவார், சில கூட்டங்களுக்கு அது பொருந்தும் என்றாலும். 'கதிரடிப்புக் கூட்டம்' என்று எழுதுவது பாதுகாப்பு.

ஆன்மிக வளர்ச்சியும் இதே ஒழுங்குக்குள்தான் வருகிறது. அதற்குத் தனி மடம் இல்லை. வழிபாட்டின் ஆழத்தைக் கவனிப்பவர் 'எல்டர்', தமிழ் வேதாகமச் சொல்லால் மூப்பர். மௌனத்தில் ஒருவர் மிக நீளமாகவோ அடிக்கடியோ பேசினால், பின்னர் தனியாக அழைத்துப் பக்குவமாகச் சொல்வது மூப்பரின் கடமை; இரண்டு மூப்பர் கைகுலுக்கினால் வழிபாடு முடிந்தது என்று பொருள். உறுப்பினர்களின் நோய், கடன், துக்கம் பார்ப்பவருக்கு 'ஓவர்சியர்' என்று பெயர் இருந்தது. தமிழ் வேதாகமத்தில் இதற்கு நிகர் 'கண்காணி' (பிலிப்பியர் 1:1). அமெரிக்காவில் தோட்டத்து அடிமைகளின் மேல் சாட்டையோடு நின்றவனுக்கும் ஓவர்சியர் என்றே பெயர் என்பதால் பல ஆண்டுக் கூட்டங்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டன. இலங்கை, மலாயா தோட்டங்களை அறிந்த தமிழருக்குக் கண்காணி என்ற சொல்லிலும் அதே கறை உண்டு. 'பராமரிப்பாளர்' என்று எழுதினால் போதும்.

ஒருவர் வேலையை விடுவதா, தொலைதூரப் பணிக்குப் போவதா என்று தவித்தால் 'கிளியர்னஸ் கமிட்டி' கேட்கலாம். இது முதலில் திருமணத்துக்காக வந்தது: மணம் புரிய விரும்பும் இருவரும் வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்காதவர்கள்தானா என்று விசாரித்து மாதக் கூட்டத்துக்குச் சொல்லும் குழு. இன்று ஐந்தாறு பேர் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கேள்வி மட்டும் கேட்பார்கள். அறிவுரைக்கு இடமில்லை. 'டாக்டரிடம் போனீர்களா?' என்பது கேள்வி வேடத்தில் வந்த அறிவுரை, அதுவும் கூடாது. 'இந்த வேலையில் எந்த நாள் உங்களுக்கு நிறைவாக இருந்தது?' என்று கேட்கலாம். பதில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் விருப்பம்; அறைக்குள் பேசியது அறையோடு சரி. 'தெளிவுக் குழு' என்பது நேரான பெயர். இவற்றோடு 'அட்வைசஸ் அண்ட் க்வெரீஸ்' என்ற சிறு ஏடு. பிரிட்டன் நண்பர்கள் 1994இல் ஏற்ற வடிவில் 42 பகுதிகள் உண்டு. வழிபாட்டில் ஒன்றிரண்டைப் படித்துவிட்டு மௌனத்தில் விட்டுவிடுவார்கள்.

கிளார்க் ஆவது எப்படி? தேர்தல் இல்லை, தானாக முன்வருவதும் வழக்கமில்லை. நியமனக் குழு பெயரைத் தேர்ந்து கூட்டத்தின் முன் வைக்கும், கூட்டம் நியமிக்கும். பிரிட்டனில் பொதுவாக மூன்று ஆண்டு; தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். பொறுப்பு முடிந்ததும் பழையபடி பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும்.

அப்படியானால் தமிழ்ச் சொல் எது? குமாஸ்தா பாரசீகம், 'நியமிக்கப்பட்டவர்' என்பதே அதன் பொருள் என்பதால் வேரளவில் அழகாகப் பொருந்துகிறது, ஆனால் வழக்கில் அது முதலாளிக்குக் கீழே நிற்கும் சொல். எபேசு நகரக் கிளார்க்கை வேதாகமம் 'சம்பிரதியானவன்' என்கிறது (அப்போஸ்தலர் 19:35). இன்று யாருக்கும் விளங்காது. மிக நெருங்கி வருவது உத்தரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கூடியிருந்த சபையோர் பணிக்க அதை எழுதியவர் 'மத்யஸ்தன்' என்று சொல்லி முடிகிறது. அவை முடிவு செய்ய, நடுவில் நின்றவர் எழுதுகிறார். இருந்தும் இன்றைய தமிழில் மத்தியஸ்தர் என்றால் சண்டை தீர்க்கும் பஞ்சாயத்துக்காரர். அதனால் 'அவை எழுத்தர்' என்பதே நம் பரிந்துரை. எழுத்து அவையுடையது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. துணைக் கிளார்க் 'துணை அவை எழுத்தர்'.

மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. 'ரெக்கார்டிங் கிளார்க்' என்றால் அமெரிக்காவில் கூட்டத்தை நடத்தும் கிளார்க்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தீர்மானம் எழுதுபவர். 'பதிவெழுத்தர்' என்று போடலாம். பிரிட்டனில் அதே பெயர் லண்டன் ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ் அலுவலகத்தின் ஊதியம் பெறும் தலைமை அதிகாரிக்கு. அங்கே 'பதிவெழுத்தர்' என்று எழுதினால் அவரைப் படியிறக்கியதாகும்; 'தலைமைச் செயல் அலுவலர்' என்று விளக்கமும் சேர்க்க வேண்டும். கென்யாவில், 1902இல் கைமோசியில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த பெரிய குவேக்கர் சமூகத்தில், போதகர்களும் உண்டு, கிளார்க்குகளும் உண்டு. பிரசங்கம் போதகருடையது, நிர்வாகக் கூட்டத்தின் மேசை கிளார்க்குடையது. அங்கே இருவரையும் 'சபைத் தலைவர்' என்ற ஒரே சொல்லில் அடைக்காமல் போதகர், அவை எழுத்தர் என்று தனித்தனியே எழுத வேண்டும்.