நின்றால் போய்விடும் வலி

"நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது டாக்டர். நின்னா போயிடுது. அதனாலதான் பெரிசா எடுத்துக்கலை."

ரத்தநாள சிகிச்சை மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நின்றால் போகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நின்றால் போவதுதான் அந்த வலியின் அடையாளமே.

காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைச்சதைக்குப் பல மடங்கு தேவைப்படுகிறது. வருவதோ அதே அளவுதான். சதை தவிக்கிறது, வலிக்கிறது. சில நிமிடம் நின்றால் தவிப்பு அடங்கிவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும்தான். ஆனால் அவர்களுக்கு நிற்பது மட்டும் போதாது; உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அறுபதைத் தாண்டிய ஒருவர், ஓராண்டு முதுகுவலி மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தார். அந்த ஓராண்டில் யாரும் அவர் காலுறையைக் கழற்றிப் பார்க்கவில்லை. கழற்றினோம். முழங்காலுக்குக் கீழே ரோமம் உதிர்ந்து தோல் மினுமினுத்தது. நகங்கள் தடித்திருந்தன. இடது பாதம் வலதைவிடச் சில்லென்று இருந்தது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு நிமிடத்துக்குள் உள்ளங்கால் காகிதம்போல வெளுத்தது. பிறகு எழுந்து உட்காரச் சொல்லிக் காலைத் தொங்கவிட்டதும் மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாக மாறியது. அருகில் இருந்த அவர் மனைவி, "நல்லா செவந்துதானே இருக்கு, ரத்தம் ஓடுதுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். ஆனால் அது ஆரோக்கியமான சிவப்பு அல்ல. ரத்தத்துக்கு ஏங்கிப்போன நுண்நாளங்கள் வாயை அகலத் திறந்துவைத்திருக்கின்றன. கால் தாழ்ந்ததும் கிடைத்த ரத்தம் அங்கே தேங்கி நிற்கிறது.

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்ப்போம். வலியில்லாத எளிய சோதனை. 1.0 முதல் 1.4 வரை இருந்தால் இயல்பு. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி அடைப்பு. அவருக்கு இடது காலில் 0.6 இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் இந்த எண்ணை நான் அப்படியே நம்புவதில்லை. அவர்களுக்குத் தமனிச் சுவர் இறுகிப்போய், அடைப்பு இருக்கும்போதே அளவு இயல்பாகவோ 1.4-க்கு மேலாகவோ காட்டலாம். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் அளக்க வேண்டும்.

அவருக்கு அறுவை சிகிச்சை எதுவும் செய்யவில்லை. சிகரெட்டை நிறுத்தினார், எல்லாவற்றிலும் பெரிய மருந்து அதுதான். கொழுப்பைக் குறைக்கவும் ரத்தம் உறையாமல் காக்கவும் மாத்திரைகள் கொடுத்தோம். காலில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த மாத்திரைகள் காலுக்காக மட்டும் அல்ல. அதோடு நடைப்பயிற்சி: வலி நன்றாகத் தெரியும்வரை நடந்து, நின்று, அடங்கியதும் மறுபடி நடப்பது. ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். வலிக்கிற காலை நடக்கவைப்பதா என்று வீட்டில் தயங்கினார்கள். இந்த வலியில் நடப்பதால் கெடுதல் இல்லை. நடக்கும் தூரம்தான் கூடும். அவருக்கும் கூடியது. பாதத்தில் புண் உள்ளவர்களும், படுத்திருக்கும்போதே வலிப்பவர்களும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. இரவில் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால்தான் தூக்கம் வருகிறது என்றால் அடைப்பு முற்றிவிட்டது. அவர்களுக்குப் பலூன் சிகிச்சையோ பைபாஸோ தேவைப்படலாம். தள்ளிப்போட்டால் காலே போகும்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நரம்பு மரத்துப்போனதால் அவர்களில் பலருக்கு இந்த வலி என்னும் எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை. ஒரு அம்மா, பாதம் சில்லிட்டுக் கிடக்கிறதே என்று வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். சூடு தெரியவில்லை. காலையில் குதிகாலில் கொப்புளம். ரத்தம் போதாத காலில் அது ஆறவில்லை. மாதக்கணக்கில் கட்டுப்போட வந்துகொண்டிருந்தார். கால் குளிர்ந்தால் பருத்தி காலுறை போடுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

மாலையில் கால் வீங்குவது, ரத்தநாளம் புடைப்பது, கணுக்காலுக்கு மேல் தோல் பழுப்பாவது இவையெல்லாம் பெரும்பாலும் ரத்தத்தை மேலே திருப்பி அனுப்பும் சிரைகளின் கோளாறு. அதற்கு இறுக்கமான காலுறை நல்ல மருந்து. ஆனால் தமனி அடைப்பும் இருக்கிறதா என்று பார்க்காமல் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டால், வருகிற கொஞ்ச ரத்தத்தையும் அது நெரித்துவிடும்.

இரண்டு நிலைகளில் நேரம் பார்க்கக் கூடாது. திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, தாங்கமுடியாமல் வலித்து, மரத்துப்போனால் அது முழு அடைப்பு. ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் சதை சாகத் தொடங்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அதுவும் அறுவை சிகிச்சைக்கோ நீண்ட பயணத்துக்கோ பிறகு என்றால், ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலைத் தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்று இரவு படுக்கும்முன் பாதத்தின் மேற்புறத்தில், கட்டைவிரல் எலும்பை ஒட்டி இரண்டு விரல்களை மென்மையாக வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே அங்கே தட்டுப்படாது. அப்போது உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் தேடுங்கள். இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய், அவர் கேட்காவிட்டாலும் காலுறையைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள்.