காப்பிப் பழம் பறிக்க எதற்குக் கோடாரி?

போன வாரம் மறுபடியும் அதே போன். "சார், எங்க வீட்டுக்காரரு கூர்க்குக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனாரு. பன்னெண்டு நாளா போன் எடுக்கல. இப்ப திருப்பதி பக்கம் ஜெயில்ல இருக்காருன்னு சொல்றாங்க." ஜவ்வாது மலையிலிருந்து ஓர் அம்மா. எப்போதும் முதலில் கேட்பதைத்தான் கேட்டேன்: போகும்போது கோடாரி எடுத்துப் போனாரா? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது ஏஜென்டே குடுத்தாருங்க சார்."

காப்பிப் பழத்தைக் கையால்தான் பறிப்பார்கள். கோடாரி எதற்கு என்று வீட்டில் ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்டிருப்பார்கள், பதில் தெரிந்தும் இருக்கும். பாதி வீடுகளில் கூர்க் என்பது அக்கம்பக்கத்துக்குச் சொல்லும் பெயர், போவது ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்ட. மீதிப் பாதி நிஜமாகவே ஏமாந்தவர்கள். கோர்ட்டில் இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

செம்மர வழக்குகளில் வக்காலத்து போட ஆரம்பித்ததிலிருந்து ஒரே ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "நாங்க கூலிக்குத்தானே போனோம், கேஸெல்லாம் முதலாளி மேலதானே வரும்?" வராது. ஐயா, வரவே வராது. காப்புக்காட்டுக்குள், அதாவது அரசு பாதுகாக்கும் காட்டுக்குள், அனுமதி இல்லாமல் கால் வைப்பதே ஆந்திர வனச் சட்டப்படி குற்றம். மரத்தில் வெட்டு விழுந்தால் அது இன்னொரு குற்றம். கட்டையைத் தோளில் வைத்தால் மூன்றாவது. இந்த மூன்றையும் செய்வது யார்? நீங்கள்தான். முதலாளி காட்டுக்குள் வருவதே இல்லை. மேஸ்திரிகூட அடிவாரத்தோடு நின்றுவிடுவான். பட்டையையும் மேல் வெள்ளையையும் செதுக்கிவிட்டு வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் சிவப்புக் கட்டையை, மட்டும் சுமந்து இறங்குகிறவன் கையில்தான் கோடாரி இருக்கிறது, சட்டையில்தான் சிவப்புத் தூள் ஒட்டியிருக்கிறது. கூலி வாங்கினேன் என்று சொல்வது தப்பிக்கும் வழி இல்லை, பல சமயம் அதுவே வாக்குமூலம். 2016-ல் ஆந்திராவில் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள். அந்தத் திருத்தத்தில் கூலிக்காரருக்கு என்று தனிச் சலுகை எதுவும் இல்லை.

"இல்ல சார், கவர்மென்ட் கான்ட்ராக்டுன்னு சொன்னாங்க" என்பது அடுத்தது. திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் நிற்கும் செம்மரத்தை வெட்ட எந்தத் தனியாருக்கும் அரசு கான்ட்ராக்ட் தரவில்லை. பிடிபட்ட கட்டைகளை ஆந்திர அரசு ஏலம் விடுகிறது, அதைத்தான் சொல்லி ஏமாற்றுகிறார்கள். பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை அனுமதி வாங்கி வெட்டலாம். ஆனால் அதற்கு யாரும் ராத்திரி பதினோரு மணிக்கு வேனில் ஆள் ஏற்ற மாட்டார்கள்.

மலைக்காரர்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சும்மா திட்டுவது போல ஆகிவிடும். ஒரு காலத்தில் கூப்பு வேலை இருந்தது. காட்டின் ஒரு பகுதியை அளந்து ஏலம் விடுவார்கள், கூப்புக்காரர் ஆள் வைத்து வெட்டுவார். 1988 தேசிய வனக் கொள்கை காட்டை வருமானமாகப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. காட்டுக்கு நல்லதுதான். வெட்டிக்கொண்டிருந்த கைகளுக்கு அடுத்து என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. ஜவ்வாது மலைச் சந்தனமும் திருட்டில் தீர்ந்துபோனது. இன்று சட்டப்படி மரம் வெட்டும் வேலை பெரும்பாலும் கீழ்நாட்டில்தான், சவுக்குத் தோப்பிலும் தைலமரத் தோப்பிலும், டன் கணக்கில் கூலி. அதிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாக மாட்டிய குடும்பங்கள் உண்டு. அது வேறு கட்டுரை. மலையில் சாமை அறுத்த பிறகு மாதக்கணக்கில் கையில் காசு வராது. புரோக்கர் வருவது சரியாக அப்போதுதான்.

ஏப்ரல் 7, 2015 எல்லோருக்கும் நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். அதற்கு முன் 2013 டிசம்பரில் அதே காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. இவ்வளவுக்கும் பிறகும் வேன் நிரம்புகிறது.

சரி, ஏமாந்து ஏறிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கூர்க் போகிற வண்டி கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று மேற்கே போகும். சித்தூர் தாண்டினால் அது கூர்க் வண்டி இல்லை. கடைப் பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள், தெலுங்கும் கன்னடமும் நம் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் வளைந்திருக்கும். ஊர்ப் பெயரைக் கேளுங்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா, வழியில் அரிசி மூட்டையும் கோடாரியும் ஏறுகிறதா, எங்கே வண்டி நிற்கிறதோ அங்கே இறங்கிவிடுங்கள். வாங்கிய அட்வான்ஸைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருக்கிற அம்மாக்களுக்கு: ஏஜென்ட் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், மூன்றையும் காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். கைதாகிவிட்டார் என்று தெரிந்தால், "பெயில் எடுத்துத் தருகிறேன்" என்று வரும் அதே புரோக்கரிடம் நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். காவலில் இருப்பவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். 15100-க்கு போன் போடுங்கள், அல்லது உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பழங்குடிச் சான்றிதழ் இன்னும் வாங்காதவர்கள் தயவுசெய்து இப்போதே மனு போடுங்கள், அந்த ஒரு காகிதத்துக்காக நான் எத்தனை முறை தாலுகா ஆபீஸ் படி ஏறியிருக்கிறேன் தெரியுமா.

பெயில் கிடைத்தாலும் உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பார்கள். ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர்க்காரருக்குத் திருப்பதியில் யார் சொத்துப் பத்திரம் காட்டுவார்? 1978-லேயே மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைக் கேட்டது, வேற்றூரில் கைதான தமிழனோ தெலுங்கனோ உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்று. அந்தத் தீர்ப்பின் நகல் எப்போதும் என் பையில் இருக்கிறது. சில நீதிபதிகள் படிப்பார்கள்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு அடுத்த வாய்தா வெள்ளிக்கிழமை. நேற்று மறுபடியும் போன் செய்தார். பக்கத்து வீட்டுப் பையனையும் அதே ஏஜென்ட் கூப்பிட்டிருக்கிறானாம், இந்த முறை மிளகு பறிக்க.