நாடகக் கலைஞர்களே, நான்கு மாதம் காத்திருக்காதீர்கள்

போன வாரம் ஒரு நாடக இயக்குநர் என் சிகிச்சை அறைக்கு வந்தார். நாற்பதைத் தாண்டியவர். வாயைத் திறந்ததும் முதலில் காற்றுதான் வந்தது. அதன் பின்னால் கரகரவென்று கொஞ்சம் குரல். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "நான்கு மாதம் இருக்கும் மேடம். முதலில் சளி என்று நினைத்தேன். அப்புறம் நாடகத் தேதி வந்துவிட்டது" என்றார்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்த படம் அவர் கையிலேயே இருந்தது. வலது குரல்நாணின் ஓரத்தில் மிளகளவுக்குச் சிவந்த புடைப்பு. அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்திருக்கும் ஐந்தாவது நாடகக் கலைஞர் இவர். ஐந்து பேருமே நடிக்கிறார்கள், இயக்குகிறார்கள், வீட்டு வாடகைக்காகப் பள்ளிகளில் நாடகம் சொல்லித் தருகிறார்கள். பேச்சுச் சிகிச்சையாளராக இதை இனியும் என் அறைக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அவருடைய ஒரு சனிக்கிழமையை மணிக்கணக்கில் எழுதித் தரச் சொன்னேன். காலையில் நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்பு, மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கத்தி. மதியம் தகரக் கொட்டகையில் நான்கு மணி நேர ஒத்திகை. மாலையில் மேடை. குரல் மேடையில் கெட்டது என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். மேடையில் அவருக்கு வசனம் மொத்தம் இருபத்தைந்து நிமிடம். ஒத்திகையிலோ, அசுரனின் சிரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நடிகருக்கும் அவரே சிரித்துக் காட்டியிருக்கிறார், பத்துப் பதினைந்து முறை. குரலைத் தயார்ப்படுத்தாமல், நின்ற இடத்தில், முழு வேகத்தில்.

சாதாரணமாகப் பேசும்போதே குரல்நாண்கள் ஆணுக்கு நொடிக்குச் சுமார் 120 முறையும் பெண்ணுக்குச் சுமார் 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தினால் எண்ணிக்கையும் கூடும், அடியின் பலமும் கூடும். நடிகரின் குரல், இயக்குநரின் குரல், ஆசிரியரின் குரல் என்று மூன்று வேலை. நாண்கள் ஒரே ஜோடி.

என்னை மிகவும் வாட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப் பால், தேன். ஐந்து பேரில் ஐந்து பேரும் இதைச் சாப்பிட்டுக்கொண்டே மாதங்களைக் கடத்தியிருக்கிறார்கள். தயவுசெய்து ஒன்றை யோசித்துப் பாருங்கள். விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. உணவும் நீரும் அதற்குப் பின்னால் இருக்கும் வேறு குழாயில் இறங்குகின்றன. குரல்நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாயில். வழி தவறி ஒரு சொட்டுத் தண்ணீர் அங்கே பட்டால் என்ன ஆகும்? புரையேறும். கண்ணில் நீர் வரும்வரை இருமுவீர்கள். தேன் உங்கள் குரல்நாணைத் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொண்டைக்கு இதமாக இருக்கிறதா, சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. அந்த இதத்தை நம்பி மறுநாள் ஒத்திகையில் கத்துகிறீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. புதினாச் சுவை மாத்திரைகளும் அப்படித்தான்: நாக்கு குளிர்கிறது, வீங்கிய நாண் வீங்கியபடியே இருக்கிறது.

"அந்தக் காலத்தில் நாடக மேடையில் கிட்டப்பா மைக் இல்லாமல் பாடவில்லையா?" என்று கேட்கிறார்கள். பாடினார். சிறு வயதிலேயே மேடையேறிப் பழகிய அபூர்வக் குரல் அது. அதே காலத்தில் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பருவ வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் முக்கிய வேடத்தை இழந்த பையன்களின் பெயர்கள் யாருக்கு நினைவிருக்கின்றன? நின்றவர்களை மட்டும் எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. தெருக்கூத்தைப் பாருங்கள். விடிய விடிய ஆடுகிற கூத்தில் வேடக்காரர் ஓர் அடியைப் பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவருக்கு மூச்சு கிடைக்கிறது, நாணுக்கு ஓய்வு கிடைக்கிறது. நம் நவீன நாடக ஒத்திகையில் இயக்குநருக்குப் பின்பாட்டு யார்?

எங்கள் துறையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் மனிதர் மானுவேல் கார்சியா. மேடைப் பாடகராக இருந்து, குரல் பழுதுபட்டு, பாட்டு வாத்தியார் ஆனவர். 1854இல் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே பார்த்தார். இன்று நாங்கள் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது அவர் போட்ட வழியில்தான். உங்களைப் போன்ற ஒருவர் திறந்துவிட்ட கதவு அது. ஐந்து நிமிடப் பரிசோதனைக்கு ஏன் இத்தனை தயக்கம்?

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணைப் பாருங்கள். புகைப்பவர் என்றால் கட்டாயம். அது புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று போய்விட்டால் அந்தக் கணமே நிறுத்துங்கள். நாணுக்குள் இரத்தக் கசிவாக இருக்கக்கூடும். மேடைக்கு முன்பு தலைவலி என்று ஆஸ்பிரின் போடாதீர்கள், கசிவை அது அதிகமாக்கும். மாலை நாடகத்துக்காகக் காலையில் ஸ்டீராய்டு ஊசி கேட்டு அலையாதீர்கள். வீக்கம் அடங்கிக் குரல் திறக்கும், அடிபட்ட நாண் இன்னும் பலமாக அடிபடும். குரலுக்கு ஓய்வு என்று இறுக்கிக் கிசுகிசுப்பதும் வேண்டாம். பேசாமல் இருங்கள், அல்லது மெல்லிய இயல்பான குரலில் பேசுங்கள்.

வகுப்பில் பிள்ளைகளைக் கூட்டக் கைத்தட்டலோ சிறு பறையோ போதும். இடுப்பில் மாட்டும் சிறிய மைக் வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, ஊகாரம் இழுத்தபடி ஐந்து நிமிடம் குமிழி விடுங்கள். அசுரச் சிரிப்பை உடம்பால் காட்டுங்கள். குரலை நடிகரே கண்டுபிடிக்கட்டும், கற்பித்தலும் அதுதானே. நாடகம் முடிந்து இரவு பதினொன்றரைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதீர்கள். மேலேறி வரும் அமிலம் நாணைப் புண்ணாக்கும்.

ஒரு நாடகத்தைத் தள்ளிப்போட்டால் அரங்க வாடகை போய்விடும், வகுப்பை விட்டால் அந்த மாதச் சம்பளம் குறையும். எனக்குத் தெரியும்; ஐந்து பேரும் என் எதிரில் உட்கார்ந்து அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். முதல் மாதமே வந்திருந்தால் சில வாரப் பயிற்சியோடு முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. இப்போது அறுவைச் சிகிச்சை, அதன் பின் சில நாள் முழு மௌனம், பிறகு வாரக்கணக்கில் பயிற்சி.

போன வாரம் வந்தவருக்கு அடுத்த வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தை என் மேசையிலேயே எழுதினார். அவருடைய வேடத்தை மாணவி ஒருவர் ஏற்கிறார். ஒத்திகையில் உட்காரலாமா என்று கேட்டார். உட்காரலாம், கையில் ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.