நித்திரையில் கணினிக் கோட் எழுதுகிற பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் விடியப்புறம் மோட்டார் சைக்கிளோடு விழுந்த ஒரு தம்பி போன கிழமை என்னிடம் வந்தார். முறிந்த கையை எலும்பு டொக்டர் பார்த்துவிட்டார், என்னிடம் அனுப்பியது நித்திரைக்காக. எதிரே வாகனம் வரவில்லை, மழை இல்லை, ரோட்டும் நல்ல ரோட்டு. கண் ஒரு கணம் சொருகிவிட்டது, அவ்வளவுதான். முந்தின இரவு என்ன நடந்தது என்று கேட்டேன். நாலைந்து நாளாகப் பிடிபடாமல் இருந்த ஒரு பக்குக்கு, அதாவது கோட்டில் இருக்கிற பிழைக்கு, விடை கனவில் வந்ததாம். துள்ளி எழும்பி லப்டொப்பைத் திறந்தவர் பிறகு படுக்கவே இல்லை. மூன்றரைக்கு அவுஸ்திரேலியக் கிளையன்ட்டோடு மீட்டிங், அது முடிய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறார்.

அவர் அதைச் சொன்ன விதம்தான் என்னை எழுத வைத்தது. "நான் நித்திரையிலேயே பக் கண்டுபிடிக்கிறவன் டொக்டர்" என்று, முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார். இதே வசனத்தைக் கொஞ்சம் மாற்றிமாற்றிச் சொல்லுகிற பிள்ளைகள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் அறை எடுத்து இருக்கிறவர்கள், வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்கள், இறுதியாண்டு புரொஜெக்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள். எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை: மூளை நித்திரையிலும் வேலை செய்கிறது, ஆகவே நித்திரையைக் குறைத்தாலும் பரவாயில்லை. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

சரி, உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நல்ல விஷயம். 2004ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு ஆய்வு செய்தார்கள். எண்களை வைத்து ஒரு கணக்கு, அதற்குள் யாருக்கும் சொல்லாத ஒரு குறுக்குவழி. எல்லாரையும் கொஞ்ச நேரம் கணக்குச் செய்யவைத்தார்கள். அதன் பிறகு ஒரு பகுதியினர் 8 மணித்தியாலம் நித்திரை கொண்டார்கள், மற்றவர்கள் அதே 8 மணித்தியாலம் விழித்திருந்தார்கள். திரும்ப வந்து செய்தபோது, குறுக்குவழியைக் கண்டுபிடித்தவர்கள் நித்திரை கொண்டவர்களில் இரண்டு மடங்குக்கும் மேல். இதை எல்லாரும் எனக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள். அதே ஆய்வின் மற்றத் துண்டை ஒருவரும் சொல்வதில்லை: கணக்கை முன்கூட்டிப் பழகாமல் வெறுமனே நித்திரை கொண்டு வந்தவர்களுக்கு ஒரு மேலதிக நன்மையும் கிடைக்கவில்லை. பகலில் உளுந்து ஊறப்போடாமல் இரவில் தோசைக்கு அரைக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள், அது 8 மணித்தியால நித்திரை. படுத்து ஒன்றரை மணித்தியாலத்தில் துள்ளி எழும்பின நித்திரை இல்லை.

இன்னும் கொஞ்சம் வாசித்த பிள்ளைகள் 2021இல் பாரிசில் செய்த ஆய்வைக் கொண்டுவருகிறார்கள். கண்ணயரும் நேரத்து அந்த முதல் அரைநித்திரையில் வெறும் 15 விநாடி இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் மறைந்திருந்த விதியைக் கண்டுபிடித்தார்கள், விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம், அதைத் தாண்டி ஆழத்துக்குப் போனவர்களில் 14 சதவீதம். "பார்த்தீர்களா டொக்டர், ஆழ்ந்த நித்திரை தேவையே இல்லை!" என்கிறார்கள். தம்பி, அது பகலில், ஆய்வுகூடத்தில், கதிரையில் சாய்ந்திருந்த 20 நிமிட ஓய்வு. இரவு நித்திரைக்குப் பதிலாக அதை வைக்கலாம் என்று ஆய்வு செய்தவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் கண்ணை மூடி இருக்க வேண்டுமா, தாராளமாக இருங்கள், நானே சிபாரிசு செய்கிறேன்.

பிறகு கணித மேதை ராமானுஜன். யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சு ராமானுஜன் இல்லாமல் முடிவதில்லை. குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் கொடுத்தார் என்று அவரே சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடதாசிக்குக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி எழுதி அழித்து, முடிவுகளை மட்டும் கொப்பிகளில் சேர்த்துச் சேர்த்து வருடக்கணக்காக இருந்த மனிதர் அவர். பகாஎண்கள் பற்றி அவர் ஆரம்பத்தில் எழுதியவற்றில் சில பிழை என்பதை இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டி காட்டினார், பிறகு இருவரும் இருந்து நிறுவல்கள் எழுதினார்கள். பென்சீன் என்ற இரசாயனத்தின் வளைய வடிவத்தைப் பாம்பு தன் வாலைக் கடித்த மாதிரிக் கண்ட ஜெர்மன் இரசாயன அறிஞர் கெக்குலேயின் கதையையும் யோசித்துத்தான் எடுக்கவேண்டும். கட்டமைப்பை வெளியிட்டது 1865இல், கனவுக் கதையைச் சொன்னது 1890இல், அதுவும் குளிர்காயும் நெருப்புக்குப் பக்கத்தில் கதிரையில் கண்ணயர்ந்தபோது கண்டதாக.

மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவியின் கதை உங்களுக்கு இன்னும் பொருந்தும். நரம்பு தன் செய்தியை இரசாயனத்தால் கடத்துகிறது என்பதை நிறுவும் பரிசோதனை அவருக்கு நித்திரையில் வந்தது. எழும்பி ஒரு துண்டுக் கடதாசியில் கிறுக்கிவிட்டுப் படுத்தார், விடிய எழும்பினால் தன்னுடைய கையெழுத்தே வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது, இந்த முறை நேராக ஆய்வுகூடத்துக்குப் போய்த் தவளை இதயத்தில் செய்து பார்த்தார். 1921இல் வெளியிட்டார், 1936இல் நோபல் பரிசு. "அவரும் மூன்று மணிக்கு ஓடினாரே" என்று ஒரு தங்கச்சி என்னோடு வாதாடினார். ஓடினார்தான், ஒரு இரவு. அந்த எண்ணம் அவர் தலையில் முளைத்து ஏறக்குறைய 17 வருடம். உங்களுக்கு இது கிழமையில் நாலு இரவு நடக்கிறது, அதுவும் ஒரு பட்டனின் நிறம் மாறாத பிரச்சினைக்காக.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள், இதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்த விஷயம். இரவிரவாகக் கனவில் கோட் ஓடுவது வேலை நடப்பதற்கு அடையாளம் அல்ல. 2000ஆம் ஆண்டு ஹார்வர்டில் சிலரை நாள்கணக்காக டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாடவிட்டுப் பார்த்தார்கள், நித்திரை வரும் நேரத்தில் கட்டைகள் விழுகிற காட்சி கண்ணுக்குள் வந்தது. மூளைச் சேதத்தால் ஞாபக மறதி வந்து, தாங்கள் விளையாடினதே நினைவில்லாதவர்களுக்குக்கூட வந்தது! மணிக்கணக்காக ஒன்றையே பார்த்தால் மூளை அதைத் திரும்ப ஓட்டும். 12 மணித்தியாலம் ஸ்கிரீன் பார்த்தவருக்கு ஸ்கிரீன் வரும், நாள் முழுக்க வெங்காயம் நட்டவருக்கு வெங்காயம் வரும். அதற்குள் எப்போதாவது ஒரு விடை அகப்படும். ஆனால் கனவு நன்றாக ஞாபகம் இருக்கிறதென்றால் இடையில் விழித்திருக்கிறீர்கள் என்றும் அர்த்தம். ஒரே ஃபங்ஷனை, அதாவது கோட்டின் ஒரே துண்டை, இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறவர்களின் நித்திரையைக் கேட்டுப் பார்த்தால் அனேகமாக அது துண்டு துண்டாக முறிந்த நித்திரை. காலையில் அவர்கள் களைத்துத்தான் எழும்புகிறார்கள்.

கனவில் வந்த விடை அங்கேயே சரிபார்க்கப்பட்டு வருவதும் இல்லை. கனவு நேரத்தில் சரி பிழை பார்க்கிற முன்மூளைப் பகுதி அடங்கியிருக்கும், அதனால்தான் கனவில் எல்லாமே சரியாகத் தெரிகிறது. ஆழ்ந்த நித்திரையிலிருந்து திடீரென எழும்பினால் அரை மணித்தியாலம் வரை, சிலவேளை அதற்கு மேலும், மூளை மந்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில் கிளையன்ட்டின் வேலை ஓடுகிற கணினியில், உங்கள் சேர்வரில், கை வைக்காதீர்கள். இது வைத்தியம் சாராத புத்தி என்று நினைக்கலாம், ஆனால் சாமத்தில் எதையோ அழித்துவிட்டு அந்தப் பயத்தில் மாதக்கணக்காக நித்திரை இல்லாமல் வந்தவர்களையும் நான்தான் பார்க்கிறேன்.

குறைந்த நித்திரை தனக்குப் பழகிவிட்டது என்கிறவர்களுக்கு: 2003இல் வந்த ஆய்வில் 14 நாள் தொடர்ந்து 6 மணித்தியாலம் மட்டும் படுக்கவிடப்பட்டவர்களின் கவனம், ஓரிரு இரவு முழுதாக விழித்தவர்களின் அளவுக்கு இறங்கியது. அவர்களைக் கேட்டால் கொஞ்சம்தான் அலுப்பு என்றார்கள். தன் நித்திரைக் குறையைத் தானே அளக்க முடியாது. 17 மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரைப் போல வேலை செய்கின்றன. உங்கள் கிளையன்ட் இருக்கிற அவுஸ்திரேலியாவில் அது வாகனம் ஓட்டக்கூடாத அளவு.

இங்கே நேரமும் நமக்கு எதிரி. மெல்பேர்னில் காலை 9 மணி என்றால் நமக்கு விடியப்புறம் 4.30, அவர்களின் கோடையில் 3.30. நியூயோர்க்கின் காலை 9 நமக்கு இரவு 7.30 அல்லது 6.30, சான்பிரான்சிஸ்கோ என்றால் 10.30 அல்லது 9.30. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் வேலை செய்தால் நித்திரைக்கு இடம் எங்கே? பகலில் படுக்கலாம் என்றால் சித்திரை வைகாசி வெக்கை, பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி, ஆட்கள் வந்துபோகிற வீடு.

அப்புறம் அம்மாமார். பிள்ளை வெளிநாட்டுக் காசு உழைக்கிறான் என்று சாமத்தில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறீர்கள், அன்புதான், விளங்குகிறது. ஆனால் பின்னேரம் 6 மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். தேத்தண்ணியிலும் அதே பொருள்தான், அளவு குறைவு, அவ்வளவுதான். தயவுசெய்து மத்தியானத்துக்குப் பிறகு நிறுத்துங்கள். பிள்ளை நித்திரையில் இங்கிலிஷில் கதைக்கிறான், நாவூறு பட்டுவிட்டது என்று பார்வை பார்த்து நூல் கட்டிவிட்டு, ஒன்றும் சரிவராமல் மாதங்கள் கழித்துக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். நித்திரையில் கதைப்பது அனேகமாக ஆபத்தில்லை. நூல் கட்டுவதும் உங்கள் விருப்பம். ஆனால் உங்களுக்கு எழுதித் தந்த நித்திரைக் குளிசையில் பாதி உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது இல்லாமல் படுக்க முடியாத நிலைக்கு வந்தவர்களை மீட்க எவ்வளவு பாடு என்பது எங்களுக்குத்தான் தெரியும். பாமசியில் வாங்குகிற தடிமல் குளிசையும், இரண்டு பியரும் நித்திரைக்கு மருந்து இல்லை. மதுசாரம் கனவு நித்திரையையே குறைத்து இரண்டாம் சாமத்தில் எழுப்பிவிடும்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. படுக்க முன் 5 நிமிடம், நாளைக்கு முடிக்க வேண்டியவற்றைப் பேனையால் ஒரு கொப்பியில் எழுதுங்கள், நிற்கிற பக்கையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள். 2018இல் ஒரு சிறிய ஆய்வில் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முந்தி நித்திரையானார்கள். குளிசை இல்லாமல் 9 நிமிடம் லாபம், சும்மா விடாதீர்கள். அந்தக் கொப்பி தலைமாட்டில் இருக்கட்டும். சாமத்தில் விடை வந்தால் இரண்டு வரி, வாசிக்கக்கூடிய எழுத்தில், பிறகு திரும்பப் படுங்கள். போனில் எழுதப் போகவேண்டாம், போனைத் தொட்டால் மெசேஜ் பார்ப்பீர்கள். லப்டொப் கட்டிலுக்கு வரவே கூடாது. விடைக்காகக் காத்துக்கொண்டு படுக்கவும் வேண்டாம், 20 நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் எழும்பி விறாந்தையில் மங்கிய வெளிச்சத்தில் இருந்து, கண் சொருகும்போது போய்ப் படுங்கள். எழும்புகிற நேரத்தை ஒன்றாக வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். இரவு மீட்டிங் இருந்தால் விடிய மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள், பஸ்ஸில் போங்கள், ஓட்டோ பிடியுங்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாக வாசியுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் மட்டும் படுத்துவிட்டுக் களைப்பே இல்லாமல், தலை முழுக்க ஐடியா, பேச்சு வேகம், காசைத் தண்ணியாகச் செலவழிப்பது, தடுத்தால் கோபம் என்று சில நாள் தொடர்ந்தால் அது திறமை கூடிய காலம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மனநிலை அளவுக்கு மிஞ்சி ஏறி இறங்குகிற இருமுனைக் கோளாறு அனேகமாக இந்தப் பதின்ம, இருபது வயதுகளில்தான் தலைகாட்டும். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் அன்றைக்கே வரவேண்டும், புரொஜெக்ட் முடிய வருகிறோம் என்று சொல்லாமல்.

மற்றப்படி கிழமையில் மூன்று இரவுக்கு மேல் நித்திரை கெட்டு அது மூன்று மாதமாக நீடித்தால், அல்லது பகலில் இருந்த இடத்திலேயே கண் சொருகினால், வாருங்கள். முதல் வைத்தியமாகக் குளிசை எழுதமாட்டேன், நித்திரைப் பழக்கத்தைத் திருத்துகிற சிகிச்சைதான் முதலில். வரும்போது இரண்டு கிழமைக்கு எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை கோப்பி என்று எழுதிக்கொண்டு வாருங்கள், கையில் கட்டுகிற மணிக்கூட்டின் கணக்கைவிட எனக்கு அது உதவும். ஒரே அறையில் படுக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் குறட்டை விடுகிறதும், இடையில் மூச்சு நின்று திணறுகிறதும் அவருக்குத்தான் தெரியும்.